பக்கத்து நாற்காலியில் ஒரு பை

பெரியவனுக்கு அம்மா எழுதுவது. இங்கே யாருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை, அப்பாவுக்கு முழங்கால் வலி மட்டும் வந்து வந்து போகிறது. நீ சுகமா என்று இந்தத் தடவை கேட்கப் போவதில்லை. அந்தப் பெண்ணிடம் சுகமா என்று கேட்டுவிட்டுத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். போனில் சொன்னால் குறுக்கே விழுந்து பேசுவாய், பிறகு அழுவாய், நானும் இளகிவிடுவேன், அதனால்தான் கடிதம்.

உனக்குக் கீழே வேலை பார்ப்பவள் உன்மேல் புகார் கொடுத்துவிட்டாள், விசாரணை வைத்திருக்கிறார்கள், வேலையே போய்விடும் போலிருக்கிறது, நீ பேசினா அவ கேப்பாம்மா, வாபஸ் வாங்கச் சொல்லும்மா என்று நம்பரையும் கொடுத்தாய். பெற்ற வயிறு, நீ சொன்னதை நம்பத்தான் பார்த்தது. ஆனால் தவளை தன் வாயால் கெடும் என்பார்களே, பேச்சோடு பேச்சாக நீயே ஒன்று சொன்னாய் பார். அவளுக்கு அவ்வளவு திமிராம், மீட்டிங்கில் நீ வருவதைப் பார்த்தாலே பக்கத்து நாற்காலியில் பையைத் தூக்கி வைத்துவிடுவாளாம், மேனேஜர் என்ற மரியாதையே கிடையாதாம். அந்த இடத்திலேயே எனக்குப் பகீர் என்றது. நான் தையல் கூடத்தில் காலர் தைத்த காலத்தில் ஒரு சூப்பர்வைசர் இருந்தான், தையல் நேராக வருகிறதா பார்க்கிறேன் என்று பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து தொடையோடு தொடை ஒட்டுவான். அவன் தலை தெரிந்தாலே எங்கள் வரிசையில் அத்தனை பேரும் வெட்டிய துணிக்கட்டைத் தூக்கி ஸ்டூலில் வைத்துவிடுவோம். யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுக்கவில்லை. அவனும் எங்களைத் திமிர் பிடித்தவளுங்க என்றுதான் சொல்லித் திரிந்தான்.

நீ சொன்னபடி அவளுக்குப் போன் போட்டேன். உன் அம்மா என்றதும் வைத்துவிடப் பார்த்தாள். பையை எதற்கம்மா நாற்காலியில் வைத்தாய் என்று மட்டும் கேட்டேன். அழுதுகொண்டே எல்லாவற்றையும் கொட்டினாள். கம்ப்யூட்டரில் காட்டுகிறேன் என்று நீ தோளில் கை போட்டது, அவள் தட்டிவிட்டதும் கேட்ட லீவையெல்லாம் மறுத்தது, தனியாக வெளியூருக்கு வரச் சொன்னது, வராவிட்டால் பிரமோஷனை மறந்துவிடு என்றது. சீ, எழுதவே கை கூசுகிறது. என் மகன் என்று சொல்லிக்கொள்ள வாய் வரவில்லை. வாபஸ் வாங்காதே என்று சொல்லிவிட்டேன். ஆன்ட்டி, நீங்களா இப்படிச் சொல்றீங்க என்றாள். நான்தான் சொல்றேன் என்றேன். அவள் வாயை அடைக்க நீ என்னை ஏவியதை விசாரிப்பவர்கள் கேட்டால் அதையும் சொல்வேன், ஒளிக்க மாட்டேன்.

அப்பா என்னோடு பேச்சை நிறுத்திவிட்டார், பெத்த பிள்ளையையே காட்டிக் கொடுக்கிறியா என்கிறார். தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும், எனக்கும் ஆடத்தான் செய்கிறது. ஆடட்டும், அதற்காக ஊரான் பெற்ற பெண்ணை விட்டுக் கொடுக்க முடியாது. அடுத்த மாதம் உன் தங்கையும் ஒரு ஆபீஸில் வேலைக்குச் சேருகிறாள். விஷயம் தெரிந்ததும் அவள் புதிதாக வாங்கிய பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு உன்னைப் போல ஒரு மேனேஜர் வாய்த்தால் நீ என்ன செய்வாய், அவன் அம்மாவிடம் போய் நியாயம் கேட்க மாட்டாயா?

உனக்குப் புத்தி வரட்டும், இப்போதைக்கு என் ஆசீர்வாதம் அவ்வளவுதான். அந்தப் பெண்ணுக்குப் போன் பண்ணாதே, ஆள் விட்டும் பேசாதே. விசாரணையில் செய்ததைச் செய்தேன் என்று ஒப்புக்கொள். அப்படிச் சொல்லி வேலை போனால் போகட்டும், வீட்டுக்கு வா, சோறு போடுகிறேன். பொய் சொல்லித் தப்பித்துவிட்டு வந்தாலும் கதவைத் திறப்பேன், ஆனால் நீ சாப்பிட வரும்போது உன் தங்கை பக்கத்து நாற்காலியில் பையைத் தூக்கி வைத்தால், எடுடி என்று நான் சொல்ல மாட்டேன்.

இப்படிக்கு,
உன்னைப் பெற்ற
அம்மா