பூஜ்யக் குழாயில் பிளாட்டினம்

பிப்ரவரி 10, 2025, திங்கள்

ஆவூரிலிருந்து வந்த பஸ் கீரனூரில் கால் மணி நேரம் நின்றுவிட்டது. இருந்தும் எட்டரைக்கு லேபில் இருந்தேன். இன்றைக்கு இரண்டு பேர். புற்றுநோய்க்கு ஏற்றும் பிளாட்டினம் மருந்து உடம்பில் எப்படிப் பரவுகிறது, எத்தனை நேரம் தங்குகிறது என்று அளக்கும் ஆராய்ச்சி. மொத்தம் பதினோரு ஊர்கள். புதுக்கோட்டைக்கு எங்கள் ஆஸ்பத்திரி. ரத்தம் எடுப்பது நான். மருந்துக்கு முன் ஒரு குழாய். அதைப் பூஜ்யக் குழாய் என்போம், அதில் பிளாட்டினமே இருக்கக் கூடாது. பிறகு அரை மணி, ஒரு மணி, இரண்டு, நான்கு, மறுநாள். எடுத்த கையோடு சுழற்றி, வடிகட்டி, உறைபெட்டியில் வைக்க வேண்டும். நர்சுகள் என்னைக் கடிகாரம் என்கிறார்கள். சொல்லட்டும். சென்னைக்கு நான் அனுப்பிய குழாய் ஒன்றுகூட இதுவரை திரும்பியதில்லை.

முத்தாள் ஆச்சி, திருமயம் பக்கம், ஐம்பத்தாறு வயது. நுரையீரலில் கட்டி. மருந்து ஏற்றுவது இதுதான் முதல் தடவை. "பிளாட்டினமா? எங்க வீட்டு வைரத்தோடே தங்கத்துலதான் ஆத்தா கட்டியிருக்கு" என்று சிரித்தார். மருந்து ஏறத் தொடங்கியதும் பையிலிருந்து உப்பு நார்த்தங்காயை எடுத்து வாயில் அடக்கிக்கொண்டார். பதற்றமே இல்லை. காதுதான் கொஞ்சம் மந்தம், எதையும் இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது.

பிப்ரவரி 11

ஆச்சியின் ஆறாவது குழாயும் ஆயிற்று. நிமிடம் பிசகவில்லை.

பிப்ரவரி 24, திங்கள்

சென்னை லேபிலிருந்து தேவிப்ரியா மேடம் போன். ஆச்சியின் பூஜ்யக் குழாயில் பிளாட்டினம் இருக்கிறதாம். துளியிலும் துளி, ஒரு கிராமை நூறு கோடியாகப் பிரித்தால் ஒரு பங்கு. ஆனால் இருக்கிறது. "மருந்து தெறிச்சிருக்கும், இல்ல குழாய் மாறிருக்கும். பாருங்க ஞானமணி" என்றார். முதல் குழாயையே நம்ப முடியாவிட்டால் புதுக்கோட்டையை விட்டுவிட வேண்டிவரும் என்றும் சொன்னார், மரியாதையாகத்தான்.

ரெங்கராஜ் டாக்டர் கதவைச் சாத்திவிட்டுக் கேட்டார்: "மணி, நாம மனுஷங்கதானே. மாறிருந்தா சொல்லிருங்க."

பதினாறு வருஷம் குத்திய கை இது. சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

பிப்ரவரி 25

ஒருவேளை நான்தான் மாத்திட்டேனா? லேபிள் ஒட்டுனது நான். அன்னைக்கு ரெண்டு பேரு வேற — இல்ல. இல்லவே இல்ல.

கோபம் ஆறியதும் உட்கார்ந்து யோசித்தேன். அரை மணிக் குழாயோடு மாறியிருந்தால் அளவு ஆயிரம் மடங்குக்கு மேல் வந்திருக்கும். தெறிக்கவும் வழியில்லை, பூஜ்யம் எடுத்தபோது மருந்து வார்டுக்கே வரவில்லை. அதே பாக்கெட் ஊசியில் எடுத்த இன்னொருவரின் குழாய் சுத்தம். அப்புறம் நான் ஒரு வேலை செய்வதுண்டு, யாரும் சொல்லித்தந்ததில்லை. எல்லாப் பூஜ்யக் குழாயிலும் பாதியைத் தனியாக உறைய வைப்பேன். ஆச்சியின் பாதியை இன்றே சென்னைக்கு அனுப்பினேன்.

பிப்ரவரி 28, வெள்ளி

அதே அளவு. புள்ளி மாறவில்லை.

அப்படியென்றால் குழாயில் குற்றமில்லை. பிளாட்டினம் ஆச்சியின் உடம்பிலேயே முன்பே இருந்திருக்கிறது. இந்த மருந்து வருஷக்கணக்கில் துளித் துளியாக உள்ளே கிடக்கும் என்று மேடமே பயிற்சியில் சொன்னார். பஸ்ஸில் வரும்போது நார்த்தங்காய் ஞாபகம் வந்தது. மருந்து ஏறினால் வாயில் இரும்பு கடித்த மாதிரி இருக்கும் என்று முதல் தடவை வருகிறவருக்கு எப்படித் தெரியும்? அந்தக் காதும் வயசுக் காது இல்லை, இந்த மருந்து மந்தமாக்கிய காது.

டாக்டரிடம் சொன்னேன். "ஃபைல்ல முதல் தடவைன்னு இருக்கே" என்றார். திங்கட்கிழமை ஆச்சிக்கு இரண்டாவது டோஸ்.

மார்ச் 3, திங்கள்

மகள் சுபா மருந்துக் கடைக்குப் போன நேரம் பார்த்துக் கேட்டேன். ஆச்சி வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்.

"ஒன்றரை வருஷமாச்சு ஆத்தா. பெங்களூர்ல, மகன் வீட்ல. ஆறு தடவை ஏத்துனாங்க. ஊர்ல பேரனைப் பாத்துக்கப் போறேன்னுட்டேன். சுபாவுக்கே தெரியாது. இப்ப சம்பந்தி வீட்ல சின்னக் கட்டிதான், கரைஞ்சிரும்னு சொல்லி வச்சிருக்கோம். வைகாசியில சுபாவுக்குக் கல்யாணம். போயிட்டுத் திரும்பி வந்த நோயின்னு தெரிஞ்சா என்ன ஆகும்? ஃபைல்ல ஏறுனா சுபா படிச்சிருவா. அவளே கல்யாணம் வேண்டாம்பா."

"மொத்தம் எவ்வளவு ஏறியிருக்குன்னு தெரியாம டாக்டர் போட்டுக்கிட்டே போனா, இருக்கிற காதும் போயிரும் ஆச்சி, கிட்னியும் போயிரும். நீங்களே சொல்லிருங்க. சொல்லாம நான் மருந்து மாட்ட விடமாட்டேன்."

"ஒன்றரை வருஷமாவா உள்ளேயே கெடக்கு அது?" என்றார். பையிலிருந்து நார்த்தங்காயை எடுத்து, வாயில் போடாமலே பன்னிரண்டு நிமிடம் கையில் உருட்டிக்கொண்டிருந்தார். பழக்கதோஷம், கடிகாரத்தைப் பார்த்துவிட்டேன்.

"டாக்டரைக் கூப்பிடு. சுபாவையும் வரச் சொல்லு."

சுபா அழவில்லை. அம்மாவின் செருப்பைக் கட்டிலுக்கு அடியில் நேராக வைத்தாள், திரும்ப எடுத்து, திரும்ப வைத்தாள்.

மார்ச் 4

காது பரிசோதனையில் ஆச்சிக்குக் கேட்கும் திறன் நன்றாகவே குறைந்திருக்கிறது. கிட்னி இன்னும் தாங்கக்கூடிய அளவில்தான். மருந்தை மாற்றிவிட்டார்கள். டாக்டர் எல்லார் முன்னாலும், "அன்னைக்கு நான் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது மணி" என்றார். பரவாயில்லை சார் என்றேன். பரவாயில்லாமல் எல்லாம் இல்லை. ஆனால் பெருமையாக இருக்கிறது, ரொம்பப் பெருமையாக இருக்கிறது. இங்கே எழுதாமல் எங்கே எழுதுவேன்?

ஏப்ரல் 16

சென்னையிலிருந்து பதினோரு ஊருக்கும் கடிதம்: இனி பூஜ்யக் குழாயில் பாதியைத் தனியே வைக்க வேண்டும், புதுக்கோட்டையில் செய்வது போல. லேப் சுவரில் ஒட்டியிருக்கிறோம். அந்தப் பக்கம் வேலையே இல்லாமல் நான்கு தடவை போய்வந்தேன்.

ஜூன் 8, ஞாயிறு

சுபாவின் கல்யாணம். போவதா வேண்டாமா என்று யோசித்தேன். ரத்தம் எடுக்கிறவளைக் கல்யாண வீட்டில் பார்த்தால் யார் என்று கேட்பார்களே. ஓரமாக உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுக் கிளம்பிவிடலாம் என்றுதான் போனேன்.

ஆச்சி தூரத்திலேயே பார்த்துவிட்டார். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மாப்பிள்ளையின் தாயார் முன்னால் நிறுத்தினார். "எனக்கு முன்னாடியே ஒரு தடவை வந்துச்சுன்னு சொன்னேன்ல சம்பந்தி, அதைக் கண்டுபிடிச்சது இந்தப் பொண்ணுதான். இதுகிட்டப் பொய் சொல்ல முடியாது."

அந்த அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். ஆச்சி நகர்ந்ததும் கிட்ட வந்தார்.

"எனக்கும் மாருல ஒரு கட்டி இருக்கு" என்றார், மெதுவாக. "இன்னும் யார்கிட்டயும் சொல்லலை."

நாளைக் காலை எட்டரைக்கு வரச் சொல்லியிருக்கிறேன். கூடவே ஆச்சியும் வருகிறாராம்.