பழைய கண்ணாடியை அனுப்பு

பெரியவளின் அம்மாவுக்கு,

நான் நலம். உன் முழங்கால் வலி குறைந்ததா?

நான் பற்றவைத்து ஒட்டும் உலோக உறைக்குள்தான் செயற்கைக்கோளுக்கு மின்சாரம் தரும் கதிரியக்கப் பொருள் இருக்கும். செயற்கைக்கோளே பூமியில் விழுந்தாலும் உறை உடையக் கூடாது. புது மெஷின் ஒட்டிய உறை ஒன்றில் மயிரிழை விரிசல் கண்டு, கையெழுத்துப் போட மறுத்தேன்.

"மெஷினே சரின்னுடுச்சு பெருசு. பள்ளிக்கூடம் முடிக்காத உனக்கு என்ன தெரியும்?" என்றார் மேலாளர்.

"விழுந்தா மெஷின் தலையில விழாது சார், மனுஷன் தலையிலதான் விழும்."

சட்டையைப் பிடித்தார். தள்ளினேன். முகத்தில் குத்தினார். பயப்படாதே, உதடுதான் கிழிந்தது, ஒரு பல் ஆடுகிறது. அவர் மூக்கும் நேராக இல்லை.

என் கூட்டாளிகள் சோதித்துப் பார்க்காமல் விடவில்லை. அந்த உறையில் கதிரியக்கம் இல்லாத வெறும் தூளை அடைத்து, சோதனைப் பீரங்கியில் வைத்து இரும்புச் சுவரில் மோதும்படி சுட்டார்கள். தரை அதிர்ந்தது. நான் காட்டிய இடத்திலேயே உறை பிளந்து, சுவரெல்லாம் தூள் தெறித்தது.

மெஷின் ஒட்டிய மற்ற பதினோரு உறைகளையும் இப்போது என்னையே பார்க்கச் சொல்கிறார் மேலாளர். ஆனால் அவர் குத்தியதில் என் மூக்குக் கண்ணாடி நொறுங்கிவிட்டது. புதிது வாங்கித் தருகிறாராம். அடித்த கை கொடுப்பதை நான் போட மாட்டேன். பீரோ மேல்தட்டில் என் பழைய கண்ணாடி இருக்கும். உன் பழைய சேலைத் துணியில் சுற்றி அனுப்பு. துணியை நானே வைத்துக்கொள்கிறேன். அது வரும்வரை செயற்கைக்கோள் தரையிலேயே கிடக்கட்டும்.

தபால் வண்டி வந்துவிட்டது.

உன் வீட்டுக்காரன்