மணலில் நின்று பார்த்த திசை

நேற்றுக் காலை உன் மகள் மெற்றில்டா என் கைத்தொலைபேசிக்கு ஒரு படம் அனுப்பியிருந்தாள். சிறிய விமானமொன்றில் விமானியின் முன்னால் இருக்கும் திரை அது. அதில் ஒரு வரைபடம், நடுவில் வெள்ளை நிறத்தில் ஒரு குட்டி விமானம். அவுஸ்திரேலியாவில் அவள் விமானம் ஓட்டப் பழகுவது உனக்குத் தெரியும். தனியாகப் பறக்கத் தொடங்கியதைத்தான் நீ அறியவில்லை. போன மாரிமழைக் காலத்தில் நீ செத்துப்போனாய்.

படத்தின் கீழே எழுதியிருந்தாள்: "சேர், இந்த வரைபடத்தை ரெண்டு விதமா வைக்கலாம். திரையிலை விமானத்தின்ரை மூக்குப் பாக்கிற பக்கம் மேலை, இல்லாட்டி விமானம் போற தடம் மேலை. எனக்கு ரெண்டு கிழமையா விளங்கவேயில்லை. நீங்களெண்டா ஒரு உதாரணம் சொல்லியிருப்பீங்கள்."

உதாரணம் என்னிடம் இருந்தது. அதனால்தான் கைத்தொலைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு முற்றத்தில் போய் நின்றேன்.

அவள் கேட்டதை உனக்கும் சொல்கிறேன். வாய்க்காலின் அக்கரையில் ஒரு மருதமரம் நிற்கிறது. நீ அதையே பார்த்தபடி நீந்துகிறாய். முகம் மரத்தை நோக்கி இருக்க, தண்ணீர் உன்னைக் கீழ்ப்பக்கமாக இழுத்துப் போகிறது. விமானத்துக்குக் காற்றுத்தான் அந்த வாய்க்கால். பக்கக் காற்று அடித்தால் மூக்கு ஒரு பக்கம் பார்க்கும், விமானம் இன்னொரு பக்கம் போகும். மூக்கை மேலே வைத்த வரைபடம் கண்ணாடிக்கு வெளியே தெரிவதோடு ஒத்திருக்கும். ஆனால் அதன் உச்சியில் தெரியும் ஊருக்கு மேலாக விமானம் போகாது, பக்கவாட்டில் வழுக்கிவிடும். தடத்தை மேலே வைத்தால் போகப்போகும் இடம் உச்சியில் இருக்கும். நிமிர்ந்து வெளியே பார்த்தாலோ அந்த இடம் நேர் முன்னால் தெரியாது. இரண்டுமே சரிதான். எதை வைத்திருக்கிறோம் என்று ஓட்டுபவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இருபத்தைந்து வருடம் பிள்ளைகளுக்குச் சார்பு வேகக் கணக்குப் படிப்பித்திருந்த எனக்கு, அன்றைக்கு அது தோன்றவில்லை.

என் தம்பி வெளிநாட்டிலிருந்து அனுப்பிய ஜி.பி.எஸ் கருவியை உனக்குத் தந்தது நான். கடற்கரையில் நீ வலையும் எஞ்சினும் வைக்கும் வாடிக்கு முன்னால், மணலில் நின்றுகொண்டுதான் அதைச் சரிசெய்தேன். தடம் மேலே என்று வைத்தபோது வரைபடம் பேய் பிடித்ததுபோல் சுழன்றது. நிற்கிற ஆளுக்கு ஏது தடம்? மூக்கு மேலே என்று மாற்றினேன். நான் திரும்பிய பக்கமெல்லாம் அதுவும் ஒழுங்காகத் திரும்பியது.

"இதுதான் சரி. வலை கிடக்கிற குறியை உச்சியிலை வைச்சுக்கொண்டு ஓட்டு. நேரே கொண்டுபோய் விடும்" என்றேன்.

நீ சிரித்தாய். ஒரே வாங்கில் இருந்து படித்தவர்கள் நாங்கள். எனக்கு வேலை கிடைத்த நாளிலிருந்து கேலியாக மாஸ்டர் என்றே கூப்பிட்டாய். "மாதா கோயில் கோபுரத்தையும் பனையையும் பாத்து ஓடினவனுக்கு உந்தப் பெட்டியோ மாஸ்டர் வழி சொல்லப்போகுது?"

"பனிப்புகார் மூடினா உன்ரை பனை தெரியுமோ?"

"ஓம், அதுவும் ஒரு கதைதான்."

அப்படிப் புகார் மூடிய ஒரு விடியலில்தான் அது நடந்தது. கரை தெரியவில்லை. நான் சொன்னபடியே நீ குறியை உச்சியில் வைத்து ஓட்டினாய். தெற்கிலிருந்து வந்த நீரோட்டம் படகை வடக்கே தள்ளியது. குறி விலக விலக மூக்கைத் திருப்பினாய். நேராகப் போகவேண்டிய பாதை வில்லாக வளைந்து, வடக்கே கிடந்த அருளப்புவின் வலைக்கு மேலாகப் போயிற்று. எஞ்சின் விசிறி வலையைச் சுருட்டி அறுத்துவிட்டது. கோபுரம் தெரிந்திருந்தால் உன் கை தானாகவே மூக்கைக் கொஞ்சம் தெற்கே பிடித்திருக்கும். அந்தக் கணக்கு உன் கைக்குத் தெரியும்.

மீனவர் சங்கக் கூட்டத்தில் அருளப்பு கத்தினார். "கண் தெரியாட்டி வீட்டிலை கிடவன்! ஏன்ராப்பா கடலுக்கு வாறாய்?" எல்லாரும் சிரித்தார்கள். நீ எழுந்து, "ஓமண்ணை, என்ரை கண்தான் பிழைச்சுப்போச்சு" என்றாய். கருவியைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை.

நான் பின்வரிசைக் கதிரையில் இருந்தேன். முதல் நாளே தாளில் கோடு கீறிப் பார்த்துப் பிழை எங்கே என்று கண்டுபிடித்திருந்தேன். அங்கே இருந்தவர்களில் பாதிப்பேர் என்னிடம் கணக்குப் படித்தவர்கள். நான் எழும்பவில்லை.

உன் புது வலையை அருளப்புவுக்குக் கொடுத்தாய். கருவியைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து என்னிடம் தந்தாய். "வைச்சிரு மாஸ்டர், உப்புப் பட்டாப் பழுதாப்போகும்." அதன் பிறகு நீ எஞ்சினைப் பிடிக்கவில்லை. உன் படகை வேறொருவர் ஓட்ட, நீ முன்னால் அணியத்தில் குந்தியிருந்து போய்வந்தாய். கண் தெரியாதவன் என்ற பெயர் கடைசிவரை உன்னோடு இருந்தது.

நேற்றுப் பின்னேரம் மெற்றில்டாவுடன் பேசினேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

"எனக்குத் தெரியும் சேர்" என்றாள். "அப்பா சொன்னவர். 'மாஸ்டர் மணலிலை நிண்டு பாத்தவன், மணலுக்கு நீரோட்டம் இல்லைத்தானே' எண்டு. உங்களிட்டைக் கேக்கக்கூடாதெண்டும் சொன்னவர். 'கேட்டா மனுசன் பிறகு கரும்பலகைப் பக்கமே போகாது' எண்டு சிரிச்சவர்."

நீ எனக்குத் தெரியாமல் எனக்காகச் சுமந்திருக்கிறாய். நானோ உனக்குத் தெரியாது என்று நம்பி ஒளித்திருக்கிறேன்.

இன்று காலை பஸ் ஏறிக் கரைக்குப் போனேன். அருளப்பு வலையின் கிழிசல்களைப் பொத்திக்கொண்டிருந்தார், நன்றாக வயதாகிவிட்டது. அவருக்குப் பக்கத்தில் மணலில் இருந்து சொன்னேன். கேட்டு முடியும்வரை அவர் கை நிற்கவில்லை. பிறகு நின்றது.

"கண் தெரியாதவன் எண்டு முதல் சொன்னது நான்தான்" என்றார். கடலைப் பார்த்தார். "அவன் இருக்கேக்கை இதைச் சொல்லியிருக்கலாமே, மாஸ்டர்."

வீட்டுக்கு வந்து, மெற்றில்டா கேட்ட உதாரணத்தை எழுதி அனுப்பினேன். அதில் வாய்க்காலும் மருதமரமும் இல்லை. உன் படகையும் அன்றைய நீரோட்டத்தையும் எழுதினேன். மணலில் நின்றவன் யாரென்றும் எழுதினேன். கருவி இன்னும் அலுமாரியில் உன் துணிக்குள்ளேயே கிடக்கிறது. முடிச்சு நீ போட்டது. நான் அவிழ்க்கவில்லை.