இரண்டு பக்கமும் தெரிகிற பீரோ

அன்புள்ள மதினி,

நீங்கள் வரைந்த பீரோ படத்துக்குப் போன வாரம் கண்ணாடி போட்டு, எங்கள் தல்லாகுளம் வீட்டுக் கூடத்தில் மாட்டிவிட்டோம். பார்க்கிறவர்கள் முதலில் சிரிக்கிறார்கள், பிறகு கிட்டே போய் நிற்கிறார்கள். நீங்கள் இருக்கும்போது இதற்கு ஒரு நன்றியாவது சொன்னேனா மதினி?

அம்மா இறந்ததும், அவள் புழங்கிய பழைய தேக்கு டிராயர் பீரோவை மட்டும்தான் நான் கேட்டேன். “கட்டிக் குடுத்த பிள்ளைக்கு வீட்டுச் சாமான்ல என்ன பாத்தியதை?” என்றுவிட்டார் அண்ணன். இனி அண்ணன் இருக்கும் காளவாசல் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை என்று வந்துவிட்டேன். அவருக்கு இருக்கும் வீம்பு எனக்கு மட்டும் இருக்காதா?

அந்தத் தைக்குப் பிறந்த வீட்டுச் சீர் வராது என்றே நினைத்திருந்தேன். நீங்கள் கரும்பும் மஞ்சள் கொத்துமாக டவுன் பஸ்ஸில் வந்து இறங்கினீர்கள். தாம்பாளத்தில் அரிசி, வெல்லத்தோடு ஒரு காலண்டர் தாளும் சுருட்டி இருந்தது. பிரித்தால், அதன் பின்பக்கத்தில் அம்மாவின் பீரோ, முன்பக்கமும் இரண்டு பக்கவாட்டும் ஒன்றாகத் தெரிகிற மாதிரி.

“பீரோவத் தூக்கிட்டு வர எனக்குத் தெம்பில்ல. உங்கண்ணன் விடவும் மாட்டாரு. இத வச்சுக்க லட்சுமி” என்றீர்கள்.

ஆபீசில் பிளான் வரைகிற என் வீட்டுக்காரர் சும்மா இருப்பாரா? “நேரா நின்னு பாத்தா ரெண்டு பக்கவாட்டும் எப்படித் தெரியும்?” என்று சிரித்தார்.

“தேர்க் கோலத்துல தெரியாத சக்கரத்தையும் சேத்துத்தானண்ணே போடுறோம். பாவம், அத மட்டும் விட்டுற முடியுமா?” என்றீர்கள்.

கோலம் போட்டுப் பழகிய கை. பென்சில் கோட்டுக்கு அடியில் நீங்கள் வைத்த புள்ளிகள்கூட இன்னும் தெரிகின்றன. பித்தளைக் குமிழ் விழுந்த டிராயருக்கு அம்மா கட்டிய நாடாவையும் விடவில்லை. இடது பக்கத்தில் மட்டும் நிஜ மஞ்சளைக் குழைத்துத் தீற்றியிருந்தீர்கள். மஞ்சள் பூசிக் குளித்துவிட்டு வரும் அம்மா, டிராயரை இழுக்குமுன் விரலைத் துடைக்கிற இடம் அது. முறையாக வரைந்திருந்தால் அந்தப் பக்கம் எனக்குக் கிடைத்தே இருக்காது. அழுது தீர்த்தேன். சாயங்காலம் உங்களோடு அதே பஸ்ஸில் காளவாசலுக்கும் வந்தேன். அண்ணன் “சாப்பிட்டியா?” என்று மட்டும் கேட்டார். எனக்கு அது போதுமாக இருந்தது.

நீங்களும் போய்விட்டீர்கள், பிறந்த வீடு இதோடு சரி என்றுதான் இந்தத் தைக்கு நினைத்தேன். அண்ணன் தானே சீர்த்தட்டைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றார் மதினி.

“என்னென்ன வைக்கணும்னு எனக்குத் தெரியல ஆத்தா. அவதான் வைப்பா. எதும் விட்டுப்போச்சா பாரு.”

வெல்லம் இல்லை. “எல்லாம் இருக்குண்ணே” என்றேன்.

நீங்கள் வரைந்த படத்தை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். “அந்தப் பீரோவ வண்டி வச்சு அனுப்பிரவா?” என்றார்.

“வேணாம்ணே. அங்கயே இருக்கட்டும். நான் வந்து பாத்துக்கிறேன்.”

வாராவாரம் போவேன் மதினி. அண்ணன் தனியாக உட்கார்ந்து சாப்பிடாமல் பார்த்துக்கொள்வேன். இது உங்களுக்கு நான் கொடுக்கிற வாக்கு.

பிறந்த வீட்டுக்கு நீங்கள் திருப்பிக் கூட்டிவந்த நாத்தனார்,
லட்சுமி