டேங்க் மூடியில கட்டின டியூப்

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் சொகமா இருக்கேன். ஒங்க முழங்கால் வலி எப்படி? ஹந்தானையில மழை விட்டிருச்சா? போன்ல பேசினா ஓபிஸ்ல எல்லாருக்கும் கேக்கும். அதான் கொழும்புக்கு மரக்கறி கொண்டுவந்த வில்பிரட் மாமாகிட்ட இத குடுத்து விடுறேன்.

நம்ம தோட்டத்து லயத்து வீடுகளுக்கு மேல இருக்கிற ஹோட்டலோட பேர் கெடாம பாத்துக்கிறது எங்க ஓபிஸ்தான். அவங்க கழிவுத் தண்ணி லயத்து டேங்க்ல கலக்குதுன்னு யாரோ வீடியோ போட்டுட்டாங்க. மேடம் என்னைக் கூப்பிட்டு, "இது ஏஐ செஞ்ச பொய் வீடியோ. இதுல தெரியிற மாதிரி டேங்க் மூடியில யாராவது சைக்கிள் டியூப் கட்டுவாங்களா? தமிழ்ல மறுப்பு எழுது"ன்னாங்க.

குரங்கு தொறக்காம இருக்க அந்த டியூப்ப கட்டினதே நீங்கதானேம்மா.

"மேடம், அது எங்க லயம்"னேன்.

"அப்போ நீ எழுதினா இன்னும் நம்புவாங்க"ன்னாங்க.

திங்கக்கெழம காலையில குடுக்கணும். இல்லாட்டி வேலை போயிரும். கெம்பஸ் படிப்ப பாதியில விட்டப்போ ஏசின மாதிரி இப்பவும் ஏசாதீங்க. நான் எழுத மாட்டேன்.

ஞாயித்துக்கெழம மாமா திரும்பி வரும்போது என் பழைய ஸ்வெட்டர குடுத்து விடுங்க, ஏசி குளிருது. கொஞ்சம் மாசிச் சம்பலும் வேணும், தனியா சோறு எறங்க மாட்டேங்குது. அப்புறம் டேங்க் தண்ணி ஒரு போத்தல். மேடம் மேசையில வச்சு, குடிக்கச் சொல்லப் போறேன்.

நீங்க மட்டும் அத குடிச்சிராதீங்கம்மா. மாமா ஹோர்ன் அடிக்கிறாரு.

ஒங்க
டிலானி