கண்ணாடிக் கதவுக்கு உள்ளே

கண்ணம்மா,

போன்ல சொல்ல வாய் வரல, அதான் எழுதறேன்.

சனிக்கிழமை நீ தோழிகளோட நூலகத்து மாடிக்கு வந்தப்போ, கண்ணாடிக் கதவுக்கு உள்ளே சட்டையைத் தூக்கி முடிஞ்சுக்கிட்டு, இடுப்புல சலங்கை தச்ச துணியைக் கட்டிக்கிட்டு நின்னது நான்தான். "அந்த ஆன்ட்டியைப் பாருடி"ன்னு ஒருத்தி சிரிச்சா. நீ சிரிக்கல. "யாரோ, வாங்கடி போகலாம்"னு சொன்னே. அந்தக் கதவு அவ்வளவு தடிமன் இல்லம்மா.

எனக்கு உடம்பே கூசிப்போச்சு. சட்டையை இழுத்துத் தழும்பை மூடினேன். கர்ப்பப்பையை எடுத்ததிலிருந்து நானே அந்த வயித்தைச் சரியாப் பார்த்ததில்ல. டிக்கெட் கவுன்டர்ல உட்கார்ந்து உட்கார்ந்து முதுகு பிடிச்சுக்கிச்சு, பெல்லி டான்ஸ் கத்துக்கிட்டா சரியாகும்னு கூட வேலை செய்யறவ சொன்னா. அதான் அந்த மாடியில நடக்கிற வகுப்புல சேர்ந்தேன்.

"இன்னிக்குப் போதும், கிளம்பறேன்"னேன். டீச்சர் விடல. "அழுதுக்கிட்டே ஆடுங்க, பரவாயில்ல. ரெண்டு முட்டியையும் லேசா மடக்குங்க. இப்போ ஒண்ணை மட்டும் நீட்டுங்க, அந்தப் பக்க இடுப்பு தானா ஏறும். நெஞ்சு அசையக்கூடாது."

நீட்டினேன். இத்தனை நாளா வராதது வந்துடுச்சு. இடுப்பு மட்டும் தனியா ஏறி இறங்குச்சு. அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்துச்சு. நீ பார்த்திருக்கலாம்.

நீங்க கீழேயே நின்னுட்டிருந்தா உனக்குச் சங்கடமாயிடுமேன்னு பின்வாசல் வழியா வந்துட்டேன். வகுப்பை விடல. செவ்வாய்க்கிழமை காலைக்கு மாத்திக்கிட்டேன். அந்த நேரம் உனக்குக் காலேஜ் இருக்கும். நீ எப்பவும்போல நூலகத்துக்கு வந்து போ.

அம்மா