வெற்றுத்தாளில் வாங்கிய ரேகை

அன்புள்ள ஸ்டெல்லா,

இந்த ‘அன்புள்ள’வை உனக்கு நான் எழுதியதே இல்லை. ஐந்து வருஷம் விடுதியில் ஒரே அறையில் இருந்தோம், கடிதத்துக்குத் தேவை வரவில்லை. பிறகு நாம் பேசாமல் இருந்த நாட்களில் எழுதியிருக்கலாம். எழுதவில்லை.

நீ போய் ஒரு வருஷம் ஆகிறது. உன் வீட்டுக்காரர் ஜோசப் தினமும் காலைப் பூசைக்கு நடந்தே போகிறார். பெரியவளுக்கு சாந்தோமிலேயே பள்ளிக்கூட வேலை கிடைத்துவிட்டது. சின்னவன் பி.யூ.சி. தேறிவிட்டான், பௌதிகத்தில் மட்டும் தப்பிப் பிழைத்தான்.

செத்தவர்களுக்குக் காது கேட்கும் என்பதில் எனக்கு நம்பிக்கை கிடையாது, உனக்கே தெரியும். இருந்தும் உன் பேருக்குத்தான் எழுதுகிறேன். இந்தப் பத்திரிகையைப் படிக்கும் டாக்டர்களும் மாணவர்களும் பக்கத்தில் நின்று கேட்டுக்கொள்ளட்டும். வருகிற வெள்ளிக்கிழமை எங்கள் கல்லூரிக் குழு கூடுகிறது. பிரசவ வார்டில் வெற்றுத்தாளில் ரேகை வாங்கும் வழக்கம் நிற்குமா, தொடருமா என்று அன்றைக்குத் தெரியும்.

அந்த வழக்கம் எப்படி வந்தது என்று படிப்பவர்களுக்குச் சொல்ல வேண்டும். ராயப்பேட்டையிலிருந்து வந்த ஒருத்திக்குப் பிரசவத்துக்குப் பின் ரத்தப்போக்கு நிற்கவில்லை. உடனே அறுவை செய்தாக வேண்டும். சம்மதத் தாளில் புருஷன் கையெழுத்து வேண்டும். டீ குடிக்கப் போன அவன், அப்படியே மார்க்கெட்டில் மூட்டை தூக்கப் போய்விட்டான். ஆள் அனுப்பித் தேடி அழைத்து வருவதற்குள் அவள் போய்விட்டாள்.

மறுநாளே நான் ஓர் உத்தரவு எழுதினேன். வார்டில் சேர்க்கும்போது, பேரும் விலாசமும் எழுதும் மேஜையிலேயே, பெண்ணின் இடது கட்டைவிரல் ரேகையைச் சம்மதத் தாளில் வாங்கிவிட வேண்டும். என்ன அறுவை என்ற இடம் காலியாக இருக்கட்டும், தேவைப்படும்போது நிரப்பிக்கொள்ளலாம். எல்லோரும் பாராட்டினார்கள். பக்கத்து யூனிட்டுகளும் எடுத்துக்கொண்டன. நீ மட்டும் எடுத்துக்கொள்ளவில்லை.

“எழுதாத தாள்ல ரேகை வாங்கினா அது எப்படிடி சம்மதம்?” என்று சாப்பாட்டு அறையில் எல்லோர் முன்னாலும் கேட்டாய்.

“எழுதின தாளை மட்டும் படிச்சுடப் போறாங்களா?”

“படிக்கத் தெரியாது சாரதா. காதுல சொன்னா புரியும்ல?”

நான் சிரித்தேன். நீ கோயிலில் பிரசங்கம் கேட்டுக் கேட்டு இப்படி ஆகிவிட்டாய் என்றேன். அந்தப் பேச்சுக்கு இப்போது கூசுகிறது.

அப்புறம் அஞ்சலை வந்தாள். அடையாற்றங்கரைக் குடிசையில் இருந்தவள், சித்தாள் வேலை செய்தவள். இரண்டாவது பிரசவம் சிசேரியன் ஆனபோது, என் யூனிட்டில் கருத்தடையும் சேர்த்துச் செய்துவிட்டார்கள். அந்த மாதம் மேலிடம் கேட்ட கருத்தடைக் கணக்கு குறைந்திருந்தது. பயிற்சி டாக்டர் ஒருவன் காலியாயிருந்த இடத்தைப் பிற்பாடு நிரப்பினான். நல்லது செய்ததாகத்தான் அவன் நினைத்தான். இரண்டு வருஷத்துக்குள் அவளுடைய இரண்டு பிள்ளைகளும் பேதியில் போய்விட்டன. இன்னொன்று ஏன் தங்கவில்லை என்று கேட்டு, புறநோயாளிகள் வரிசையில் நின்று உன் முன்னால் வந்து உட்கார்ந்தாள். நீ அவளுடைய பழைய கேஸ் தாள்களைத் தேடி எடுத்து, அவளையும் கூட்டிக்கொண்டு என் அறைக்கு வந்தாய்.

“பேரு கேட்டாங்க, சொன்னேன். இங்க வெரல வையின்னாங்க, வச்சேன்” என்றாள் அஞ்சலை. “கொயந்த போதுமா வாணாமான்னு என்னிய யாரு கேட்டா? நீ கேட்டியா டாக்டரம்மா?”

நீ புகார் கொடுத்தாய், விசாரணை நடந்தது. என்னைக் கேட்டார்கள். “ரேகை இருக்கிறது, தாள் முறைப்படி இருக்கிறது” என்று எழுதிக் கொடுத்தேன். அந்த ஒரு வரியில் விஷயம் முடிந்தது. நீ வேலையை விட்டுவிட்டு, கொட்டிவாக்கத்தில் சவுக்குத் தோப்பை ஒட்டி ஒரு வாடகை வீட்டில் வைத்தியம் பார்க்கப் போய்விட்டாய். இரண்டு வருஷம் நாம் பேசவில்லை. பேசத் தொடங்கிய பிறகும் இதைப் பேசவில்லை. கடைசியில் உன் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு மத்தியானம் முழுக்க உட்கார்ந்து பெரியவள் கல்யாணத்தைப் பற்றிப் பேசினேன். நீ எதற்காகக் காத்திருந்தாய் என்று தெரிந்தும்.

இந்த ஜூனிலிருந்து கடைசி வருஷ மாணவர்களுக்கு வாரம் ஒரு மணி நேரம் மருத்துவ அறம் என்று ஒரு வகுப்பு எடுக்கிறேன். பாடப் புத்தகத்தில் அதற்குச் சில பக்கங்கள் உண்டு. டாக்டர் விளம்பரம் செய்யக் கூடாது, இன்னொரு டாக்டரைக் குறை சொல்லக் கூடாது. நோயாளி அந்தப் பக்கங்களில் எங்கேயும் வாய் திறப்பதில்லை. ஆகவே புத்தகத்தை மூடிவிட்டு, பிரசவ வார்டில் ஆளுக்கு ஒரு பெண்ணிடம் போய், எதற்காக ரேகை வைத்தாள் என்று கேட்டு வரச் சொன்னேன். பேருக்கு என்றாள் ஒருத்தி. பால் பவுடருக்கு என்றாள் இன்னொருத்தி. கருத்தடை என்று ஒருத்தியும் சொல்லவில்லை.

விசாலாட்சி என்று ஒரு மாணவி. தி. நகரில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் திருநெல்வேலிக்காரர் பெண். அவள்தான் எழுந்தாள். “மேடம், எங்க சித்தி போன மாசம் மாடில காசு கட்டுற ஸ்பெஷல் வார்டுலதான் இருந்தாங்க. அவங்களுக்குத் தாளை ரெண்டு தடவை படிச்சுக் காட்டினாங்க. யோசிச்சுச் சொல்லுங்கன்னு ஒரு நாள் டயமும் கொடுத்தாங்க. அதே டாக்டர்தான் மேடம். மாடிக்கு ஒண்ணு, கீழ ஒண்ணா? இந்த வழக்கத்தை யாரு ஆரம்பிச்சது?”

“நான்தான்” என்றேன்.

பின் பெஞ்சிலிருந்து ஒருவன், “அப்ப இது பரீட்சைக்கு வராது மச்சி” என்று முணுமுணுத்தான். நானும் சிரித்துவிட்டேன். பிறகு ராயப்பேட்டைப் பெண்ணின் கதையைச் சொன்னேன், என் பக்கத்து நியாயமாக. விசாலாட்சி உட்காரவில்லை.

“அவங்களுக்கு நினைவு இருந்துச்சா மேடம்?”

இருந்தது, ஸ்டெல்லா. கடைசி நிமிஷங்கள் வரை இருந்தது. தண்ணீர் கேட்டாள். தன் பெரிய பெண் பள்ளிக்கூடத்திலிருந்து வந்திருப்பாள் என்றாள். நாங்கள் அத்தனை பேர் சுற்றி நின்று வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அவளையே கேட்கலாம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை, நானும் ஒரு பெண்தான். அந்தச் சாவிலிருந்து நான் கற்றுக்கொண்ட பாடம், அடுத்தவளின் விரலை முன்கூட்டியே பிடித்துவைப்பது. இதை நீ அப்போதே பார்த்திருந்தாயா?

அடுத்த ஞாயிறு அஞ்சலையைத் தேடிப் போனேன். இப்போது ஆற்றங்கரையிலேயே இட்லி சுட்டு விற்கிறாள். முன்பு நான் எழுதிக் கொடுத்தது தப்பு என்றேன். அவள் தட்டைக் கழுவிக்கொண்டே கேட்டாள்.

“அந்த மாதா கோயில் டாக்டரம்மா பூட்டாங்களாமே. அவங்க இருக்கச்சொல்ல வந்திருக்கலாம்ல நீ?”

அவள் கழுவிய தட்டைக் கவிழ்த்து வைத்தாள்.

“மன்னிப்பெல்லாம் வச்சுக்கினு நான் இன்னா பண்றது? அந்தத் தாளு இன்னும் கீதா? கீதுன்னா மொதல்ல அத்த நிறுத்து. அப்பால வா, பேசலாம்.”

கல்லூரி முதல்வரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். நல்ல மனிதர், என் மேல் அக்கறை உள்ளவர். “மேடம், நீங்க கொண்டுவந்த முறை, நீங்க கொடுத்த வாக்குமூலம். இப்ப அதை நீங்களே பொய்ன்னு சொன்னா பழைய விசாரணையைத் திறக்கணும். உங்க வேலைக்கே ஆபத்து. வகுப்பு வேணும்னா நடத்துங்க. பசங்களை மட்டும் வார்டுக்கு அனுப்பாதீங்க” என்றார். யோசிக்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். நடந்து மயிலாப்பூர் வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் யோசித்து முடித்துவிட்டேன். மறுநாளே இதைக் குழுவின் முன் வைக்கும்படி எழுதிக் கொடுத்தேன்.

குழு கூடும்வரை காத்திருக்கவில்லை. திங்கட்கிழமை என் யூனிட்டில் காலித் தாள்களை எடுத்துவிட்டோம். இப்போது என்ன அறுவை என்பதை எழுதி, மாணவர்கள் கட்டிலருகே உட்கார்ந்து வாசித்துக் காட்டுகிறார்கள். நேரம் பிடிக்கிறது. நர்சுகள் என்னைத் திட்டுகிறார்கள். நேற்று ஒருத்தி, ஐந்தாவது பிரசவம், உடம்பில் ரத்தமே இல்லை, கருத்தடை வேண்டாம் என்றுவிட்டாள். ஒரு மணி நேரம் நானே பேசிப் பார்த்தேன். அடுத்த பிரசவத்தில் உயிருக்கே ஆபத்து என்றேன். அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, வேண்டாம் என்றாள். அவள் செய்வது தப்பு என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். ‘விளக்கிச் சொன்னோம், மறுத்துவிட்டார்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். என் வேலையில் அதைவிடக் கஷ்டமான கையெழுத்தைப் போட்டதில்லை.

வெள்ளிக்கிழமை குழுவின் முன்னால், தாள் முறைப்படி இருந்தது என்று நான் எழுதிக் கொடுத்தது பொய் என்று எழுத்தில் கொடுப்பேன். அஞ்சலையின் பேரையும் அதில் எழுதுவேன்; தாள்களை எடுத்த பிறகு அவளிடம் போய்க் கேட்டேன், அனுமதி கொடுத்திருக்கிறாள். குழு என்னை வெளியே அனுப்பினால், வெளியிலிருந்து இதே கேள்வியைக் கேட்பேன். வேலையில் வைத்துக்கொண்டால், ஒரு பெண் வேண்டாம் என்று சொல்லும் ஒவ்வொரு தாளிலும் அவள் ரேகைக்குக் கீழே என் கையெழுத்து இருக்கும். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

இப்படிக்கு,
உன் அறைத்தோழி,
உன் பிள்ளைகளுக்குப் பெரியம்மா,
சாரதா